இரண்டு மணி நேரம் தாங்கும் வண்டி: கிராஸ் கன்ட்ரிக்கு ஸ்போர்ட் குவாடைச் செட் செய்வது

குவாட், அதாவது பைக் போல ஹேண்டில் பிடித்து ஓட்டும் நாலு சக்கர வண்டி, வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது சைலன்சரைப் பற்றித்தான். எதைப் போட்டால் எத்தனை குதிரைசக்தி கூடும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் ஈசியூ என்ற மின்னணுப் பெட்டியை மாற்றலாமா, பிஸ்டன் மாற்றலாமா என்று அடுத்தடுத்துக் கேள்வி வரும். காட்டுத்தடத்தில் ஓடும் கிராஸ் கன்ட்ரி பந்தயத்துக்கு வண்டி தயார் செய்பவர் இன்ஜினைக் கடைசியில் பார்த்துக்கொண்டால் போதும். 450 சிசி ஸ்போர்ட் குவாட் ஷோரூமிலிருந்து இறங்கும்போதே புதியவருக்குத் தேவைக்கு மேல் பலத்தோடுதான் இறங்குகிறது. இந்தப் பந்தயத்தில் முதலில் தீர்ந்துபோவது ஓட்டுபவரின் முன்கை. கை இறுகி, விரல் மரத்து, பிரேக் லீவரைச் சரியாகப் பிடிக்க முடியாமல் போன பிறகு எத்தனை குதிரைசக்தி இருந்தும் பயனில்லை. அதனால் இந்தக் கட்டுரையில் வரும் எல்லாவற்றையும் ஒரே கேள்வியை வைத்து எடைபோடுங்கள்: இந்த மாற்றம் இரண்டாவது மணி நேரத்திலும் என்னையும் வண்டியையும் தெம்பாக வைத்திருக்குமா?

இரண்டு மணி நேரம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மோட்டோகிராஸ் என்பது மண்ணால் கட்டிய சிறிய சுற்று. பெரிய தாவல்கள் இருக்கும், அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கிராஸ் கன்ட்ரி வேறு வகை. அமெரிக்காவில் இதற்குப் பெயர்போன தொடர் கிராண்ட் நேஷனல் கிராஸ் கன்ட்ரி, சுருக்கமாக ஜிஎன்சிசி. அங்கே ஒரு சுற்றே ஏறக்குறைய 13 முதல் 19 கிலோமீட்டர் வரும். மரங்களுக்கு நடுவே ஒற்றைத்தடம், ஓடை, வேர், பாறை, சேறு, நடுவில் திறந்தவெளி என்று எல்லாம் அதற்குள் இருக்கும். குவாட் பந்தயம் இரண்டு மணி நேரம் நடக்கும். இன்ஜினை அணைத்துவிட்டு வரிசையில் நிற்க வேண்டும், கொடி அசைந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்யலாம். ஒரே பாதையை மீண்டும் மீண்டும் சுற்றுவதால் முதல் சுற்றில் சமமாக இருந்த இடம் நாலாவது சுற்றில் குழியும் மேடுமாகக் கிடக்கும்.

கோயம்புத்தூர்க்காரர்களுக்குப் பந்தயம் புதிதில்லை. பந்தயக்காரர் கரிவர்தன் பெயரில் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2005இல் பார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் நம் ஊர்க்காரர். ஆனால் இங்கே பழகிய கண்ணுக்குப் பந்தய வண்டி என்றால் தார் ரோட்டு வண்டிதான்: தரையோடு ஒட்டி, ஸ்ப்ரிங்கை இறுக்கி, அகலமாக உட்கார்ந்திருக்கும். அந்த அறிவை அப்படியே காட்டுக்குக் கொண்டுபோனால் குவாட் ஒவ்வொரு கல்லுக்கும் துள்ளும். காட்டில் ஓடும் வண்டிக்கு உயரம் வேண்டும், மென்மை வேண்டும், இடுக்கில் நுழையும் அளவு வேண்டும்.

செட்டிங்குக்குள் போகும் முன் வண்டியைப் பற்றிக் கொஞ்சம். தோட்டத்தில் மூட்டை ஏற்ற, மருந்தடிக்க, ரிசார்ட்டில் சுற்றிக் காட்ட வைத்திருக்கும் குவாட் யுட்டிலிட்டி வகை. பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர், முன்னும் பின்னும் சாமான் வைக்கும் ரேக். அதைப் பந்தய வண்டியாக்க முயல வேண்டாம். ஸ்போர்ட் குவாட் என்பது யமஹா ஒய்எஃப்இசட் 450ஆர், ஹோண்டா டிஆர்எக்ஸ் 450ஆர் மாதிரியானது. கிளட்ச், கியர், செயின், ஸ்ப்ராக்கெட் எல்லாம் பைக்கைப் போலவே இருக்கும். ஆக்சிலரேட்டர் மட்டும் வலது கட்டைவிரலால் அழுத்தும் சின்ன லீவர். முன் சக்கரங்களுக்குத் தனித்தனி ஏ-ஆர்ம் (சக்கரத்தை பிரேமோடு இணைத்து மேலும் கீழும் ஆடும் கை), தனித்தனி ஷாக் அப்சார்பர். பின்னால் ஆக்சிலைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் ஒரு ஸ்விங் ஆர்ம், ஒரே ஷாக், இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே ஆக்சில்.

அந்த ஒற்றை ஆக்சிலில்தான் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. காரில் இருப்பது போல டிபரன்ஷியல் இதில் கிடையாது. வளைவில் உள்பக்கச் சக்கரம் மெதுவாகவும் வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகவும் சுற்ற வழியில்லை, இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். அதனால் குவாடுக்கு இயல்பாகவே நேராகப் போகத்தான் பிடிக்கும். ஓட்டுபவர் உடம்பை உள்பக்கம் சாய்த்து, முன் சக்கரத்தைத் தரையில் அழுத்தி, பின்பக்கத்தைக் கொஞ்சம் வழுக்கவிட்டுத்தான் திருப்ப வேண்டும். முன் டயருக்குப் பிடிப்பு போதாவிட்டால் எவ்வளவு ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி வேலிக்குள்தான் போகும்.

அகலம்

காங்கேயம், தாராபுரம் பக்கத்து இட்டேரிகளைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு மாட்டு வண்டி போகிற தடம், சில இடத்தில் அதுவும் இல்லை. வேலி இருபுறமும் சாய்ந்து, ஆள் ஒதுங்கி நடக்கும் அளவுக்குக் குறுகிவிடும். கொறங்காட்டுக்குள், அதாவது வேலி கட்டிய மேய்ச்சல் நிலத்துக்குள், நுழையும் கடவு இன்னும் சின்னது. ஜிஎன்சிசி காட்டுத்தடத்திலும் இதே கதைதான், வேலிக்குப் பதில் மரம்.

மோட்டோகிராஸ் குவாட் வழக்கமாக 50 அங்குல அகலத்துக்குக் கட்டப்படும். அகலம் கூடினால் வளைவில் எளிதில் கவிழாது. காட்டுத்தடத்துக்கு 46 முதல் 48 அங்குலம். ஒய்எஃப்இசட் 450ஆர் ஏறக்குறைய 49 அங்குலம். காட்டுப் பந்தயக்காரர்களுக்காகவே யமஹா 2010இல் கொண்டுவந்த ஒய்எஃப்இசட் 450எக்ஸ் 46 அங்குலம்தான். இன்னொரு கோடியில் டக்கார் ராலி இருக்கிறது. அதில் 2009 முதல் 2024 வரை குவாடுகளுக்குத் தனிப்பிரிவு இருந்தது. பாலைவனத்தில் இடிக்க மரம் இல்லை, அதனால் நேர்வேகத்தில் ஆடாமல் நிற்கும் வண்டிதான் அங்கே தேவைப்பட்டது. எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே அளவு கிடையாது. நீங்கள் ஓடப்போகும் தடத்தின் மிகக் குறுகிய இடத்தை நடந்துபோய் டேப் வைத்து அளந்துவிட்டு வாருங்கள்.

குறைக்கும் வழி மூன்று: நீளம் மாற்றக்கூடிய பின் ஆக்சில், வேறு அளவு ஏ-ஆர்ம், ஆஃப்செட் (சக்கரம் உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காரும் அளவு) வேறான ரிம். செலவு குறைந்தது ரிம்தான். முன் அகலத்தைக் குறைத்தால் பின் அகலத்தையும் அதற்கேற்பக் குறையுங்கள். முன்சக்கரம் நுழைந்த இடத்தில் பின்சக்கரம் மாட்டிக்கொண்டால் வண்டி அந்த மரத்தைச் சுற்றித் திரும்பி உங்களைத் தூக்கிப் போடும்.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் பழகுபவர்களுக்கு அகலம் பெரிய சிக்கல் இல்லை. 25 அடிக்கு ஒரு மரம்தான். அங்கே பார்க்க வேண்டியது வட்டப்பாத்தி வரப்பும் விழுந்து கிடக்கும் மட்டையும். சொட்டுநீர்க் குழாய்மேல் ஏற்றிவிட்டால் தோட்டக்காரருக்கு அன்றைய தண்ணீர் போச்சு. அதைக் கேட்டு, பார்த்து, ஒதுங்கி ஓட்டுங்கள்.

டயர்

டயரின் பக்கவாட்டில் 21x7-10 என்று போட்டிருந்தால் மொத்த உயரம் 21 அங்குலம், அகலம் 7, உள்ளே ரிம் விட்டம் 10. கிராஸ் கன்ட்ரிக்கு முன்னால் 21 அல்லது 22 அங்குல உயரம், பின்னால் 20x11-9 அல்லது 20x10-9 பரவலாகப் பயன்படுகிறது. மோட்டோகிராஸ்காரர்கள் பின்னால் 18 அங்குலம் போடுவார்கள். அது தரையோடு ஒட்டி வளைவில் நன்றாக நிற்கும், ஆனால் ஸ்விங் ஆர்மின் அடிப்பாகம் கல்லில் உரசும். நம் காட்டில் சுக்காங்கல் கிடக்கிற லட்சணத்துக்கு அது ஆகாது.

பிளை என்பது டயருக்குள் இருக்கும் அடுக்குகளின் வலு. 6 பிளை வாங்குங்கள். எடை கொஞ்சம் கூடும், பரவாயில்லை. சீமைக்கருவேல முள் இருக்கிற ஊரில் 2 பிளை, 4 பிளை டயரோடு இரண்டு மணி நேரம் ஓட்ட நினைப்பது வீண் ஆசை. டயருக்குள் சீலன்ட் ஊற்றுவது முள்ளுக்கு நன்றாகவே வேலை செய்யும். பக்கவாட்டுக் கிழிசலுக்கு அது உதவாது. பெரிய பந்தயக்காரர்கள் காற்றுக்குப் பதிலாக டயருக்குள் நுரைவளையமோ, காற்றடித்த சிறு பந்துகளோ வைத்துக்கொள்கிறார்கள். தொடங்குபவருக்கு அது வேண்டாம், விலை அதிகம்.

காற்று எவ்வளவு? இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். காருக்கு 30 பிஎஸ்ஐ அடித்துப் பழகியவர்களுக்கு இந்த அளவு நம்ப முடியாததாக இருக்கும்: முன்னால் 6 அல்லது 7, பின்னால் 5 அல்லது 6. அதிலிருந்து தொடங்கி, கல் அதிகமான தடத்துக்குக் கொஞ்சம் ஏற்றலாம், மணலுக்கும் சேற்றுக்கும் கொஞ்சம் இறக்கலாம். பெட்ரோல் பங்கில் இருக்கும் அளவுமானி இந்தச் சின்ன அளவைச் சரியாகக் காட்டாது. 0 முதல் 15 வரை மட்டும் காட்டும் தனி கேஜ் ஒன்று வாங்கி டூல் பாக்ஸிலேயே வைத்துவிடுங்கள். அரை பிஎஸ்ஐ வித்தியாசம்கூட ஹேண்டிலில் தெரியும்.

ஸ்ப்ரிங்கும் ஷாக்கும்

கை வலிக்கு மருந்து இங்கேதான் இருக்கிறது. இதைச் சரியாக்க முதல் கட்டத்தில் ஒரு டேப்பும், ஒரு நண்பரும், ஒரு மணி நேரமும் இருந்தால் போதும்.

சக்கரம் மேலிருந்து கீழே மொத்தமாக எவ்வளவு தூரம் போய்வருமோ, அதன் பெயர் டிராவல். ஒய்எஃப்இசட் 450ஆரில் முன்னால் ஏறக்குறைய 250 மி.மீ., பின்னால் 280. நீங்கள் ஏறி உட்கார்ந்தால் உங்கள் எடைக்கு வண்டி கொஞ்சம் அமுங்கும். அந்த அமுங்கலுக்கு சேக் என்று பெயர். மொத்த டிராவலில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை அமுங்க வேண்டும். ஏன் அமுங்க வேண்டும் என்று கேட்டால், மேட்டில் ஏறும்போது சக்கரம் மேலே வருவதற்கு இடம் வேண்டும், பள்ளத்தில் இறங்கும்போது கீழே நீள்வதற்கும் இடம் வேண்டும். அமுங்கவே இல்லை என்றால் சக்கரம் பள்ளத்தைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும், பிடிப்பு போய்விடும்.

அளப்பது இப்படி. வண்டியின் பின்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரம் தொங்கும்படி விடுங்கள். ஆக்சிலின் நடுவிலிருந்து நேர் மேலே, பின் மட்கார்டுக்கு அடியிலுள்ள கம்பியில் ஏதாவது ஒரு புள்ளிக்கு டேப் பிடியுங்கள். 600 மி.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது வண்டியைச் சமதரையில் இறக்குங்கள். ஹெல்மெட், பூட்ஸ், மார்புக்கவசம் எல்லாம் போட்டுக்கொண்டு, பந்தயத்தில் எவ்வளவு பெட்ரோலோடு கிளம்புவீர்களோ அவ்வளவு ஊற்றி, ஓட்டும் வாகில் ஏறி உட்காருங்கள். நாலைந்து முறை குதித்து அமுக்கிவிட்டு அசையாமல் இருங்கள். நண்பர் அதே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அளக்கட்டும். 515 வந்தால் சேக் 85 மி.மீ. 280க்கு இது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு, நல்ல இடம். முன்பக்கத்துக்கும் இதே வேலை, இரண்டு பக்கமும் தனித்தனியாக.

அளவு தப்பினால் ஸ்ப்ரிங்குக்கு மேலே இருக்கும் வளையத்தைத் திருகி இறுக்கலாம், தளர்த்தலாம். இதற்குப் பெயர் பிரீலோடு. இறுக்கினால் வண்டி உயரும், அமுங்கல் குறையும். இத்தோடு நிறுத்திவிடாதீர்கள், இன்னொரு அளவு பாக்கி இருக்கிறது. நீங்கள் இறங்கிக்கொண்டு, வண்டி தன் எடையில் மட்டும் எவ்வளவு அமுங்குகிறது என்று பாருங்கள். உட்கார்ந்தபோது சரியான அளவு வருகிறது, ஆனால் இறங்கினால் 10 மி.மீ.கூட அமுங்காமல் விறைத்து நிற்கிறது என்றால், ஸ்ப்ரிங் உங்கள் எடைக்கு மென்மையானது என்று அர்த்தம். விறைப்பாக நிற்கிறதே, அப்புறம் எப்படி மென்மை என்று தோன்றும். மென்மையான ஸ்ப்ரிங்கை வளையத்தால் அளவுக்கு மீறி இறுக்கித்தான் அந்த உயரத்தைக் கொண்டுவந்திருக்கிறீர்கள். வெறும் வண்டியின் எடை அந்த இறுக்கத்தைத் தாண்டிப் போக முடியவில்லை, அதனால்தான் அசையவில்லை. தீர்வு வளையத்தில் இல்லை, கனமான ஸ்ப்ரிங் வாங்க வேண்டும். எதிர்ப்பக்கமும் இதே கணக்குதான்: உங்களோடு சேர்த்து அளவு சரியாக இருந்து, தனியாக நிற்கும்போதே அளவுக்கு மீறி அமுங்கினால் ஸ்ப்ரிங் கனம்.

எடை 60 கிலோ உள்ள தம்பிக்கும் 95 கிலோ உள்ள அண்ணனுக்கும் ஒரே ஸ்ப்ரிங் பொருந்தாது. தனக்குப் பொருந்தும் ஸ்ப்ரிங் வாங்கக் கொடுக்கும் காசுதான் கிராஸ் கன்ட்ரியில் மிகவும் பயனுள்ள காசு என்று நான் திடமாக நம்புகிறேன்.

அடுத்தது டேம்பிங். ஷாக்கில் இருக்கும் சின்னத் திருகுகள் எண்ணெய் ஓடும் வழியைச் சுருக்கவும் விரிக்கவும் உதவுகின்றன. அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது கம்ப்ரஷன். திரும்ப நீளும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது ரீபவுண்ட். ரீபவுண்ட் அளவுக்கு மீறி மெதுவாக இருந்தால், வரிசையாக மேடுபள்ளம் வரும் இடத்தில் ஷாக் முழுசாக நீளுவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். மூன்றாவது நாலாவது மேட்டில் டிராவலே மிஞ்சாமல் வண்டி கட்டையாகிவிடும். வேகமாக இருந்தால் பின்பக்கம் உதைத்துத் தூக்கும். திருகை முழுசாக மூடி, அங்கிருந்து எத்தனை கிளிக் திறந்திருக்கிறது என்று எண்ணி முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு நேரத்தில் ஒரே திருகு, இரண்டு கிளிக். ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. இரண்டு திருகை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமலே போய்விடும்.

முன்சக்கரத்தை நேராக்குவது

டோ என்பது மேலிருந்து பார்த்தால் இரண்டு முன்சக்கரமும் உள்நோக்கிச் சேர்ந்திருக்கின்றனவா, வெளிநோக்கி விரிந்திருக்கின்றனவா என்பது. குவாடுக்கு முன்பக்கம் 3 முதல் 6 மி.மீ. வரை உள்நோக்கி இருந்தால் நேர்ப்பாதையில் அலையாது. ஹேண்டிலை நேராக வைத்துக் கட்டிவிடுங்கள். ஒருவர் ஏறி உட்காரட்டும். இரண்டு டயரின் நடுக்கோட்டிலும், முன்பக்கம், ஆக்சில் உயரத்தில் சாக்பீஸால் ஒரு குறி. குறிக்குக் குறி அளந்து எழுதுங்கள். வண்டியை உருட்டி அதே குறிகளைப் பின்பக்கம் அதே உயரத்துக்குக் கொண்டுவந்து மறுபடி அளங்கள். முன் அளவு சின்னதாக இருந்தால் உள்நோக்கி இருக்கிறது என்று பொருள். மாற்ற வேண்டுமானால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியான டை ராடை இரண்டு பக்கமும் சமமாகத் திருகி, லாக் நட்டை இறுக்குங்கள். டயரின் மேல்பக்கம் இம்மியளவு உள்ளே சாய்ந்திருக்கும் கேம்பரையும் பார்க்க வேண்டும், ஆனால் கம்பெனி ஏ-ஆர்மில் அதை மாற்றப் பெரும்பாலும் வழி இருக்காது, விட்டுவிடலாம்.

கை படும் இடங்கள்

எழுந்து நின்று ஓட்டும் வாகில் எல்லாவற்றையும் பொருத்துங்கள். கிராஸ் கன்ட்ரியில் முக்கால்வாசி நேரம் நின்றுகொண்டுதான் ஓட்டுவீர்கள். நின்றால் ஹேண்டில் இடுப்புக்குக் கிட்டத்தில் வர வேண்டும், குனிய வேண்டியிருந்தால் ஹேண்டில் கிளாம்பை உயர்த்துங்கள். லீவர்கள் முன்கையின் நேர்கோட்டில் சற்றுக் கீழ்நோக்கி இருக்கட்டும். கட்டைவிரல் த்ராட்டிலின் கோணத்தில் அவசரப்படாதீர்கள். அது சரியில்லாவிட்டால் முதலில் விரல் சோரும், அப்புறம் மணிக்கட்டு வலிக்கும். கேபிளில் எண்ணெய் விட்டு, லீவர் மெல்ல அழுத்தினாலே நகர்கிறதா என்று பாருங்கள். ஹேண்டிலில் மரத்துக்கு இடிபடும் அளவுக்கு நீளம் இருந்தால் இரண்டு பக்கமும் சமமாக வெட்டலாம். கைக்கவசம் கட்டாயம் போடுங்கள், கிளுவைக் கிளை விரல் கணுவில் கீறினால் அந்தப் பந்தயம் முழுக்க எரியும்.

ஸ்டீயரிங் டேம்பர் என்று ஒன்று இருக்கிறது. ஸ்டீயரிங் தண்டில் பூட்டும் சின்ன எண்ணெய்க் கருவி. ஒற்றைச் சக்கரம் கட்டையிலோ கல்லிலோ இடித்தால் ஹேண்டில் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு திரும்பும் அல்லவா, அந்த உதறலை இது வாங்கிக்கொள்கிறது. ஸ்ப்ரிங்குக்கு அடுத்தபடியாக நான் காசு கொடுக்கச் சொல்லும் பொருள் இதுதான்.

உயிர் காக்கும் சாமான்கள்

குவாடில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் கால் வைக்கிறோம். கால் நழுவித் தரையைத் தொட்டால் பின்சக்கரம் அதன்மேல் ஏறும். இதைத் தடுப்பது நெர்ஃப் பார் என்ற பக்கவாட்டுக் கம்பியும் அதில் கட்டிய வலையும். பக்கத்து வண்டியின் சக்கரம் உங்கள் வண்டிக்குள் புகுந்து சிக்காமலும் அது காக்கும். இன்னொன்று டெதர் ஸ்விட்ச். கயிற்றின் ஒரு முனை உங்கள் உடம்பில், மறுமுனை வண்டியில். விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் அணைந்துவிடும். ஏறக்குறைய 180 கிலோ வண்டி ஆளில்லாமல் ஓடுவதை நினைத்துப் பாருங்கள். இந்த இரண்டும் இல்லாத வண்டியைப் பந்தயத்துக்கு விட மாட்டார்கள், பயிற்சிக்கும் நீங்கள் விடாதீர்கள். ஹெல்மெட், கண்ணாடி, கழுத்துக்கவசம், மார்புக்கவசம், முழங்கால்வரை வரும் பூட்ஸ் எல்லாம் வண்டியின் பாகங்களாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

வண்டிக்கு அடியில் மூன்று தகடுகள்: பிரேமுக்கு, ஏ-ஆர்முக்கு, ஸ்விங் ஆர்மின் அடியில் ஸ்ப்ராக்கெட்டுக்கும் பிரேக் டிஸ்க்குக்கும். கோயம்புத்தூரில் இதற்கு வெளிநாட்டுச் சாமான் தேட வேண்டியதில்லை. பம்பும் மோட்டாரும் கிரைண்டரும் செய்து பழகிய பட்டறைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. 4 அல்லது 5 மி.மீ. அலுமினியத் தகட்டை அளவெடுத்து வளைத்துத் தருவார்கள். புஷ், ஸ்பேசர், டேங்க் பிராக்கெட் எல்லாம் அவர்கள் கைக்கு எளிது. ஆக்சில், டை ராடு, பால் ஜாயின்ட், ஸ்டீயரிங் தண்டு ஆகிய நான்கை மட்டும் பட்டறையில் செய்யவோ வெல்டிங் வைத்து ஒட்டவோ கூடாது. கணபதியில் எனக்குத் தெரிந்த லேத்காரர் ஒருவர் இதை முதல் நாளே சொல்லிவிடுவார்: “தகடு எத்தன வேணும்னாலும் அடிச்சுத் தர்றேனுங் தம்பி. ஆக்சில் வெல்டிங்குக்கு மட்டும் எங்கிட்ட வராதீங்.” நல்ல பட்டறைக்காரரின் அடையாளம் அது.

இன்ஜின் பக்கம்

சரி, இன்ஜினுக்கு வருவோம். முதல் வேலை காற்றைச் சுத்தமாக வைப்பது. கோடையில் நம் செம்மண் புழுதி மாவாகப் பறக்கும். ஸ்போஞ்ச் பில்டரை அதற்கான திரவத்தில் கழுவி, முழுசாகக் காயவைத்து, பில்டர் ஆயில் ஊற்றிப் பிசைந்து, இட்லித் துணியைப் பிழிவது போல ஈரம் இருக்கச் சொட்டு விழாத அளவுக்குப் பிழிய வேண்டும். முறுக்கினால் கிழியும், அமுக்கிப் பிழியுங்கள். பில்டர் உட்காரும் விளிம்பில் கிரீஸ் தடவுங்கள். மாற்றுப் பில்டர் ஒன்று எண்ணெய் போட்டு பாலித்தீன் பையில் தயாராக இருக்கட்டும்.

இரண்டாவது, சூடு. குறுகிய தடத்தில் வண்டி மெதுவாக ஊர்ந்தால் ரேடியேட்டருக்குக் காற்று வராது. ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள். கரிசல் மண்ணில் மழைக்குப் பின் ஓட்டினால் சேறு ரேடியேட்டர் இடுக்கில் காய்ந்து அடைத்துவிடும், ஒவ்வொரு முறையும் கழுவுங்கள். அழுத்தமான தண்ணீரை நேரே அடித்தால் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் மடங்கும், மெதுவாக அடியுங்கள்.

மூன்றாவது, ஸ்ப்ராக்கெட். முன்னால் 14 பல், பின்னால் 38 பல் இருக்கும் வண்டியில் முன்னால் ஒன்றைக் குறைத்து 13 ஆக்கினால், பின்னால் மூன்று பல் கூட்டியதற்கு ஏறக்குறைய சமம். நெருக்கமான தடத்தில் கிளட்சைத் தேய்க்காமல் மெதுவாகப் போக இது உதவும். உச்ச வேகம் குறையும், அது காட்டில் எப்படியும் வரப்போவதில்லை. டேங்க் சின்னது, 10 லிட்டருக்குள்தான். இரண்டு மணி நேரத்துக்குப் பெரிய டேங்க் போடுங்கள் அல்லது நடுவில் நிறுத்தி ஊற்றத் திட்டமிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பந்தயம் இல்லாத மாதங்களில் டேங்கைக் காலி செய்து வைப்பது நல்லது. சைலன்சர், ஈசியூ எல்லாம் இதற்குப் பிறகு காசு மிஞ்சினால்.

ஓட்டிப் பார்ப்பது

ஸ்போர்ட் குவாடை ரோட்டில் ஓட்டக் கூடாது. டாட்டா ஏஸில் தாராளமாக அடங்கும், நாலு பக்கமும் பெல்ட் போட்டுக் கட்டி எடுத்துப்போங்கள். இடம் யாருடையது என்று கேட்டு, அவரிடம் நேரில் போய், “ஓட்டிக்கலாமுங்களா?” என்று அனுமதி வாங்குங்கள். ஆனைமலை, சத்தியமங்கலம் பக்கத்து வனத்துறை நிலத்துக்குள் நுழையவே கூடாது. பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் கரையும் வேண்டாம், கரை இடிந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது.

இரண்டு மூன்று கிலோமீட்டரில் உங்களுக்கென்று ஒரு சுற்று அமையுங்கள். கல், மணல், வளைவு, பள்ளம் எல்லாம் அதில் கொஞ்சம் கொஞ்சம் வரட்டும். வண்டி புதிதாகச் செட் செய்த அன்று வேகம் பார்க்காதீர்கள். இருபது நிமிடம் ஒரே சீராக ஓட்டிவிட்டு இறங்கி, கையை மடக்கி நீட்டிப் பாருங்கள். முன்கை இறுகியிருந்தால் முன்பக்கக் கம்ப்ரஷனை இரண்டு கிளிக் திறந்துவிட்டு மறுபடி இருபது நிமிடம். அப்படியும் இறுகினால் டயர்க் காற்றைப் பாருங்கள், அப்புறம் ஹேண்டில் உயரத்தை. பின்பக்கம் உதைத்தால் ரீபவுண்டை இரண்டு கிளிக் மூடுங்கள். ஒவ்வொன்றையும் தேதி, இடம், மண் எப்படி இருந்தது என்பதோடு நோட்டில் எழுதுங்கள். செம்மண்ணில் பொருந்தியது கரிசலில் பொருந்தாது, அடுத்த முறை முதலிலிருந்து தேடாமல் இருக்க அந்த நோட்டு வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் கழுவுவதற்கு முன் ஒரு சுற்று பாருங்கள். ஆக்சில் நட்டு, வீல் நட்டு, டை ராடு லாக் நட்டு இறுக்கமாக இருக்கின்றனவா? முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பால் ஜாயின்டிலோ பேரிங்கிலோ ஆட்டம் தெரிகிறதா? எங்காவது கட்டையில் பலமாக இடித்திருந்தால் டோவை மறுபடி அளங்கள், டை ராடு கண்ணுக்குத் தெரியாமல் வளைந்திருக்கலாம். கடைசியாக பில்டரைக் கழற்றி, அதற்குப் பின்னால் இன்ஜினுக்குப் போகும் குழாயின் உட்புறம் சுத்தமான விரலை விட்டுத் தடவுங்கள். விரலில் புழுதி ஒட்டினால் பில்டர் விளிம்பு சரியாக உட்காரவில்லை. அதைச் சரிசெய்யாமல் வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.